நல்ல தண்ணீர்க் கிணறும் நான்கு உரல்களும்

புதுச் செருப்பை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, தோல் வாசனை!" என்று சொல்லும் மனிதர்களைக் கண்டால் எனக்கு இன்றும் குமட்டுகிறது. வாசனையாம்! ஆம்பூருக்கும் பாலாற்றுக்கும் இடையில், தோல் பதனிடும் "டேனரி" ஒன்றின் மதிலை ஒட்டிய சேரியில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த மதிலுக்குள் இருந்து வந்த வாடைகளை எண்ணியே வைத்திருக்கிறேன், மொத்தம் ஐந்து. உப்புத் தடவி ஈ மொய்க்க வந்திறங்கும் பச்சைத்தோலின் வாடை ஒன்று. முடி உதிர்வதற்காக அதை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியின் வாடை இரண்டு. தோலிலிருந்து வழித்தெடுத்து மூலையில் குவித்த சதையின் வாடை மூன்று. தோலை மிருதுவாக்குவதற்காகப் புறா எச்சத்தைக் கரைத்து வைத்த தொட்டியின் வாடை நான்கு. அதை விவரிக்கப் போவதில்லை, இதைப் படிப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஐந்தாவது, ஆவாரம் பட்டையின் வாடை. துவர்ப்பும் லேசான இனிப்பும் கலந்த அது ஒன்றுதான் மூக்கைப் பொத்தாமல் தாங்கக்கூடியதாக இருந்தது. ஆனால் மற்ற நான்கும் மூக்கோடு நின்றன, அது நெஞ்சுக்குள் இறங்கியது.

என் அம்மா அன்னம்மா அந்த ஐந்தாவது வாடையில் வேலை செய்தாள். காட்டில் உரித்து, காயவைத்து, வண்டியில் வந்திறங்கும் ஆவாரம் பட்டையை உரலில் இடித்துத் தூளாக்கித் தண்ணீரில் ஊறவைத்தால்தான் தோல் பதப்படும். இன்றைக்கு மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிற ரசாயனப் பொடியின் வேலையை அன்றைக்குப் பன்னிரண்டு பெண்களின் தோள்கள் செய்தன. பட்டைக் கொட்டகையில் நான்கு கல்லுரல்கள் தரையில் புதைந்திருந்தன. உரலுக்கு மூன்று பெண்கள், ஆளுக்கு ஒரு உலக்கை. ஒரு உலக்கை இறங்கும்போது இன்னொன்று ஏறவேண்டும், மூன்றாவது நடுவழியில் இருக்கவேண்டும். கண் இமைக்கும் நேரம் பிசகினாலும் உலக்கையோடு உலக்கை மோதும், அல்லது விரலோடு மோதும். அப்படி மோதாமல் பன்னிரண்டு உலக்கைகளையும் கட்டி இழுத்தது ஒரு பாட்டு. அந்தப் பாட்டைப் பாடியவள் என் அம்மா.

மிஷன் பள்ளி மதியத்தோடு விட்டுவிடும். நான் நேரே பட்டைக் கொட்டகைக்குப் போய்க் குவியலின்மேல் உட்கார்ந்துகொள்வேன். பள்ளியில் வாத்தியார் பிரம்பால் ஊட்டிய எண்கள் எனக்கு ஏறவில்லை. உலக்கைதான் எனக்கு எண் கற்றுத்தந்தது. பாட்டின் ஓரடிக்கு எட்டுக் குத்து. அம்மா அடியெடுத்துக் கொடுப்பாள், மற்ற பதினொரு பேரும் "குத்தக்கா குத்து" என்று எதிர்ப்பாட்டுப் பாடி உலக்கையைப் போடுவார்கள்.

*ஆவாரம் பட்டையக்கா, ஆம்பூரு பட்டையக்கா,
ஆடுரிச்ச தோலுக்கெல்லாம் அலங்காரப் பட்டையக்கா!*

இதில் என்ன பெரிய கவிதை இருக்கிறது என்று கேட்பவர்கள், உலக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். வேலை முடிய நேரமாகும் நாளில் அம்மா பாட்டை முடுக்குவாள், பட்டை மளமளவென்று தூளாகும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் லேசாகத் தளர்த்துவாள். "பாட்டு நின்னா கை நிக்கும், கை நின்னா அடுப்பு நிக்கும்" என்று அந்தப் பெண்கள் சொல்வார்கள்.

இந்த உண்மை கொட்டகைக்குப் பொறுப்பாக இருந்த கோவிந்தசாமி மேஸ்திரிக்கும் தெரியும். "பாட்டு போற மாதிரிதான் கையும் போவும்" என்று அவரும் சொல்வார். விரிஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு, வாயில் சதா புகையிலை. ஊர்க் கோயில் திருவிழாவில் தாம் பஜனை பாடியதை ஆளுக்கொரு முறையாவது சொல்லாமல் விட்டதில்லை. அவருக்குப் பெண்களின்மேல் அக்கறை கிடையாது, பாட்டின்மேல் இருந்தது. பாட்டுக்காரியின் தொண்டை காய்ந்தால் பட்டை குறையும் என்று கணக்குப் போட்டு, தினமும் நடுப்பகலில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொண்டுவருவார். அம்மா குனிந்து கைகளைக் குவிப்பாள். அவர் இரண்டு முழ உயரத்திலிருந்து, தீட்டு ஏறி வந்துவிடாத உயரத்திலிருந்து, ஊற்றுவார். மற்ற பதினொரு பேரும் உலக்கையைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

டேனரிக்குள் இரண்டு கிணறுகள். சுண்ணாம்புக் குழிகளின் பக்கம் இருந்தது எங்கள் கிணறு; அதன் தண்ணீரில் சுண்ணாம்பு நெடி, வாயில் வைத்தால் நாக்கு வழுக்கும், வயிற்றுக்குப் போனால் திரும்பி வரும். அலுவலகத்தின் பக்கம் இருந்தது நல்ல தண்ணீர்க் கிணறு. அதன் தண்ணீரை மேஸ்திரியும் குமாஸ்தாக்களும் குடித்தார்கள். அவர்கள் மட்டும் குடித்திருந்தால்கூட என் வயிறு இத்தனை எரிந்திருக்காது. தோலைக் கடைசியாகக் கழுவவும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான், சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் தோலில் கறை விழுந்துவிடுமாம். ஆக, செத்த ஆட்டின் தோலுக்கு அந்தத் தண்ணீர் உண்டு. மாடு கட்டி அதை இறைத்த கவலை ஏற்றத்தின் தோல் பை எங்கள் சேரி ஆட்கள் பதனிட்டுத் தைத்தது. அந்தப் பை நாள் முழுவதும் கிணற்றில் மூழ்கி மூழ்கி எழுந்தது. பையால் கிணறு கெடவில்லை. பையைத் தைத்தவன் எட்டிப் பார்த்தால் கெட்டுவிடும். இதை நான் படித்த எந்தக் கணக்குப் புத்தகத்தாலும் விளக்க முடியவில்லை.

ஒரு கோடைப் பகலில் நெடுஞ்சாலையில் பாட்டுச் சத்தம் கேட்டது. கதர் கட்டிய ஒன்பது பேர், கையில் கொடி, கழுத்தில் ஆர்மோனியப் பெட்டி கட்டியவர் ஒருவர், தாளம் போடுபவர் ஒருவர். ஊர் ஊராகச் சுதந்திரப் பாட்டுப் பாடிக்கொண்டு வேலூரை நோக்கி நடந்து போகிறவர்கள். உழைப்பாளிகளைத் தட்டி எழுப்புவதற்காக எங்கள் வாசலில் நின்று பாடினார்கள். நல்ல குரல்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அடிமைத்தளை, அன்னையின் கண்ணீர், எல்லோரும் ஓர் குலம் என்றெல்லாம் பாட்டில் வந்தது. "ஓர் குலம்" என்ற இடத்தில் காற்று எங்கள் பக்கத்திலிருந்து திரும்பி வீச, ஒன்பது பேரில் ஏழு பேர் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆர்மோனியக்காரருக்கும் தாளக்காரருக்கும் கை ஒழியவில்லை, இல்லையென்றால் ஒன்பதும் ஆகியிருக்கும்.

பெண்கள் கொட்டகை வாசலில் நின்று கேட்டார்கள். ரோசம்மா என்ற இளம்பெண், அப்போது ஆறு மாதக் கர்ப்பம், என் அம்மாவிடம் கேட்டாள்:

"யக்கா, இந்தப் பாட்டு நல்லாக்குதே, நம்ம ஒலக்கைக்கு ஆவுமா?"

"ஆவாதுடி" என்றாள் அம்மா. "நடுநடுவுல கண்ண மூடிக்கினு நின்னுட்றாங்க பாரு. நம்ம நின்னா வெரலு பூடும்."

பாடி முடித்தவர்களுக்குத் தாகம். மேஸ்திரி பயபக்தியோடு ஓடினார். நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து இரண்டு குடம் வந்தது. ஒன்பது பேரும் வயிறு முட்டக் குடித்து, முகம் கழுவி, மிச்சத்தில் காலையும் கழுவிக்கொண்டார்கள். பிறகு எங்களைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு நடந்து போனார்கள். எங்கள் பெண்கள் எங்கே தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் வாசலிலேயே நின்று கவனித்தேன், ஒருவர்கூட.

குடத்தின் அடியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. காலையிலிருந்து சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்த ரோசம்மா, இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மேஸ்திரி, அதுல ஒரு வாயி ஊத்துங்க. புள்ளத்தாச்சி, மயக்கமா வருது."

மேஸ்திரி அவளைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். "இன்னிக்கி ஒனக்கு ஊத்துனா நாளிக்கி பன்னெண்டும் கைய நீட்டும்" என்று சொல்லிவிட்டு, குடத்தைத் தரையில் கவிழ்த்தார். பட்டைத் தூசி படிந்த மண் அந்தத் தண்ணீரைச் சர்ரென்று குடித்தது. மண்ணுக்குக்கூடக் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் அவர் வழக்கம்போல என் அம்மாவுக்குச் சொம்பைக் கொண்டுவந்தார். அம்மா குனியவில்லை, கையைக் குவிக்கவுமில்லை.

"இன்னா அன்னம்மா, தாகமில்லியா?"

"இருக்குது மேஸ்திரி. எல்லாருக்கும் இருக்குது. ரோட்டுல பாடிக்கினு வந்தவங்களுக்குக் குடுத்தீங்க. நாங்களும் பாடுறவங்கதானே. நான் ஒருத்தியா பாடுறேன்? நான் அடியெடுக்குறேன், பதினோரு பேரு பாடுறாங்க."

"அது பாட்டு. இது ஒலக்கச் சத்தம். குடிக்கிறியா, இல்லியா?"

"வாணாம் மேஸ்திரி."

அவ்வளவுதான் நடந்தது. கூச்சல் இல்லை, கொடி இல்லை. அம்மா உலக்கையைத் தூக்கினாள், பாடத் தொடங்கினாள். அதே பாட்டு, அதே சொற்கள். ஆனால் "ஆவாரம்" என்ற சொல்லின் வால் முடியவே இல்லை. இழுத்தாள், இழுத்துக்கொண்டே போனாள், பாலாற்றில் கோடையில் தண்ணீர் ஓடுவதுபோல, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி. பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. உலக்கைகள் அந்த இழுப்போடு ஏறின, அந்த இழுப்போடு இறங்கின. பழைய அடிகள் முடிந்த இடத்தில் ஒரு புதிய அடி வந்து விழுந்தது:

*தோலுக்குத் தண்ணி உண்டு, தொட்டிக்குத் தண்ணி உண்டு,
தொண்டைக்கு இல்லையக்கா, தூளா இடிச்சவளுக்கு!*

மேஸ்திரி ஓடிவந்தார். "இன்னாங்கடி, வேல செய்யாம ஏமாத்துறீங்க?"

"செய்யுறோமே மேஸ்திரி" என்றாள் ரோசம்மா. "எண்ணிப் பாருங்க. அடிக்கு எட்டுக் குத்து. ஒண்ணு கம்மியா இருந்தா கேளுங்க."

அவர் உண்மையிலேயே விரல் விட்டு எண்ணினார். நானும் குவியல்மேல் உட்கார்ந்து எண்ணினேன். எட்டுக் குத்துதான், ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தால், வழக்கமாகப் பத்துக் கூடைத் தூள் விழும் இடத்தில் நான்கு கூடை கிடந்தது. யாரைப் பிடித்துத் திட்டுவது? யாரும் உட்காரவில்லை, யாரும் உலக்கையைக் கீழே வைக்கவில்லை. "பாட்டு எப்படிப் போவுதோ கையும் அப்படித்தானே போவும்? நீங்கதானே சொல்வீங்க" என்று அவர் சொல்லையே அவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். "காஞ்ச தொண்டை இவ்ளோதான் பாடும் மேஸ்திரி" என்றாள் அம்மா, இருமிக்கொண்டே. அந்த இருமல் நடிப்பல்ல.

மூன்றாம் நாள் மேஸ்திரி அவளை வெளியே போகச் சொன்னார். பாட்டுத்தானே தொல்லை, பாட்டு இல்லாமலே இடிக்கலாம் என்பது அவருடைய யோசனை. அம்மா வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. குடிசையும் டேனரிக்குச் சொந்தமான மண்ணில் நின்றது. வேலை போனால் குடிசையும் போகும். அவள் என்னைப் பார்த்து, "தப்புப் பண்ட்டனாடா?" என்று கேட்டாள். மதிலுக்கு அப்பாலிருந்து உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒழுங்கில்லாமல், கல்லும் மரமுமாக, சந்தையில் பாத்திரம் உருண்டதுபோல. அதற்கு நடுவில் ஓர் அலறல். ரோசம்மாவின் உலக்கையில் அடுத்தவளின் உலக்கை வந்து மோதி, அவள் கட்டைவிரல் நகம் பிய்ந்துபோயிருந்தது. பிறகு சத்தமே இல்லை. பாட்டில்லாத உரலில் கைவைக்க மாட்டோம் என்று பதினொரு பேரும் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள்.

பாட்டில்லாமல் ஆகாது, அன்னம்மாவின் பாட்டும் கூடாது. இந்த முடிச்சை அவிழ்க்க மேஸ்திரி செய்த காரியத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்தக் கட்டுரையில் சிரிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். முதலாளியின் ஆம்பூர் வீட்டிலிருந்த கிராமபோன் பெட்டியை இரவல் வாங்கி வந்து, பெரிய ஊமத்தம்பூ மாதிரி வாயைப் பிளந்த குழாயோடு, பட்டைக் கொட்டகையின் நடுவில் ஒரு முக்காலிமேல் வைத்தார். வேடிக்கை பார்க்கச் சேரியே மதிலருகே திரண்டது. என்னை அம்மாவே அனுப்பினாள், பார்த்துவந்து சொல் என்று.

பெட்டியில் யாரோ ஒரு நாடகப் பாட்டுக்காரர் ஆலாபனையை ஆரம்பித்தார். ஆ... ஆ... என்று அது நீண்டது. பதினொரு பேரும் உலக்கையைத் தலைக்குமேல் தூக்கியபடி சிலை மாதிரி நின்றார்கள்.

"குத்துங்கடி!"

"பாட்டு இன்னும் எறங்கலியே மேஸ்திரி. எறங்குனாதானே ஒலக்கையும் எறங்கும்?"

பிறகு பாட்டு இறங்கியது. இறங்கிய வேகத்தில் தடதடவென்று ஓடியது. உலக்கைகளும் துரத்தின. மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. நல்ல சமயம் பார்த்துப் பெட்டிக்குள் சுருள் தளர்ந்தது. பாட்டுக்காரரின் குரல் கனத்து, தடித்து, எருமை முனகுவதுபோல இறங்கிக்கொண்டே போக, பெண்களும் கீழ்ப்படிதலுள்ளவர்களாக உலக்கையைத் தளர்த்தித் தளர்த்தி, குரல் கடைசியாக "உர்ர்" என்று நின்ற இடத்தில் தாங்களும் நின்றார்கள்.

"பெட்டிக்கும் தொண்ட காஞ்சி போச்சி போலக்குது" என்றாள் ரோசம்மா, துணி சுற்றிய விரலை உயர்த்தி. "அதுக்காவது ஒரு சொம்பு ஊத்துங்க மேஸ்திரி!"

மதிலருகே நின்ற கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது. அதற்குள் பட்டைத் தூசி பெட்டிக்குள் புகுந்துவிட்டது. மறுபடி சாவி கொடுத்தபோது கரகரவென்ற சத்தம்தான் வந்தது. மறுநாள் மேஸ்திரி தாமே முக்காலிமேல் ஏறி நின்று விரிஞ்சிபுரத்துப் பஜனைப் பாட்டைப் பாடினார். அதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். பெண்கள் பக்தியோடு உலக்கையைக் கீழே வைத்துவிட்டு, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள் என்பது மட்டும் போதும். சாமி பாட்டுக்கு உலக்கை போடுவது பாவம் என்று ரோசம்மா சொன்னாளாம்.

பக்கத்துச் சேரிப் பெண்களைக் கூட்டிவரவும் ஆள் அனுப்பினார். அவர்கள் வந்தார்கள், வந்ததும் முதல் வேலையாக, "பாட்டு எங்க?" என்று கேட்டார்கள். பாட்டு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் குடிசைக்கு வந்து அம்மாவிடம் கற்றுக்கொண்டார்கள். அவள் இழுத்தே கற்றுக்கொடுத்தாள்.

இதற்கிடையில் ஆறாவது வாடை ஒன்று கிளம்பியது. சுண்ணாம்பில் முடி நீங்கி, கழுவி, பட்டைத் தண்ணீருக்காகக் காத்திருந்த தோல்கள் பட்டைத் தூள் இல்லாமல் அழுகத் தொடங்கியிருந்தன. மற்ற ஐந்தும் அதற்கு முன்னால் சந்தனம். நாய்கள்கூட மதிலை விட்டு விலகி நடந்தன. அந்த வாடை மதராஸ்வரைக்கும் போயிருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே தோல் வியாபாரத்தில் இருந்த முதலாளி ரயிலேறி வந்துவிட்டார். எல்லோரும் "பெரிய பாய்" என்று அழைத்த அவர் குழிகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, என் அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னாம்மா இது பேஜாரு? ஒனக்கு இன்னா ஓணும், சொல்லு. நீ பாடு. பட்ட ஜாஸ்தியா விழணும், அவ்ளோதான்."

"எனக்கு ஒண்ணும் வாணாம் மொதலாளி. எனக்குத் தண்ணி வந்துக்கினுதான் இருந்துது. ரோட்டுல போனவங்களுக்கும் கெடச்சுது. ஆட்டுத் தோலுக்குக் கெடைக்குது. பட்டைய முழுங்கிக்கினு இடிக்கிறவங்களுக்கு ஓணும்."

பாய் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். மேஸ்திரி கையைப் பிசைந்தார். "கெணறு கெட்டுப் பூடும் மொதலாளி. குமாஸ்தாங்கல்லாம் ஒத்துக்க மாட்டாங்க."

"தோலு கெட்டுப் போச்சேய்யா!" என்று கத்தினார் பாய். "கெணறு கெட்டா தண்ணி இறைச்சிக் கொட்டிக்கலாம். தோலு கெட்டா உன் தோலையா வெள்ளைக்காரனுக்கு அனுப்புறது?"

நீதி, தர்மம் எதுவும் அங்கே பேசப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அழுகிய தோல்தான் எங்களுக்காக வாதாடியது. இருந்தும் பாய் குமாஸ்தாக்களைப் பகைத்துக்கொள்ளவில்லை. கிணற்றை எங்களுக்குத் திறக்காமல், கவலைத் தண்ணீர் விழும் தொட்டியிலிருந்து பட்டைக் கொட்டகை வரைக்கும் ஒரு கல் வாய்க்கால் வெட்டச் சொன்னார். தண்ணீர் எங்களிடம் வரும். நாங்கள் தண்ணீரிடம் போகக்கூடாது. அப்படி ஓர் ஏற்பாடு. வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த அன்று அம்மா, ரோசம்மாவை முன்னால் தள்ளினாள். அவள் மண்டியிட்டு, புண்ணான கையையும் சேர்த்துக் குவித்து, மூச்சு விடாமல் குடித்தாள். குடித்துவிட்டு, "இனிக்குதுக்கா" என்றாள். பதினொரு பேர் குடித்த பிறகு அம்மா குடித்தாள். அன்றைக்குப் பாட்டு பழைய வேகத்தில் ஓடியது. பதினான்கு கூடை விழுந்தது.

குமாஸ்தாக்கள் அன்றிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை, வீட்டிலிருந்து சொம்பில் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் கிணற்றிலிருந்து எங்களை நோக்கித்தான் ஓடியது. எங்களிடமிருந்து கிணற்றுக்கு ஒரு சொட்டும் திரும்பிப் போகவில்லை. ஆனாலும் அவர்களுக்குக் குமட்டியது. குமட்டட்டும் என்று விட்டோம். ரோசம்மாவுக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. இழுத்துப் பாடும் பாட்டு அந்தப் பக்கத்துச் சேரிப் பெண்களோடு பேர்ணாம்பட்டுக்கும் வாணியம்பாடிக்கும் போய், அங்கேயும் இரண்டொரு கொட்டகைகளுக்கு வாய்க்கால் வந்தது என்று கேள்விப்பட்டோம். அம்மாவுக்கு மட்டும் நிறைவில்லை. "வாய்க்காதான் வந்துது, கெணறு வரலியே. பாட்டு பாதியில நிக்குது" என்பாள். மீதியைப் பாட விடவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பாய் பட்டை அரைக்கும் இயந்திரத்தை வாங்கிப் போட்டார். இயந்திரத்துக்குப் பாட்டு தேவையில்லை, தாகமும் எடுக்காது. உரல்களைப் பெயர்த்து மதிலோரம் உருட்டிவிட்டார்கள். மழைக்காலத்தில் அவற்றில் கொசு முட்டையிட்டது. அம்மா தூள் கூடை சுமந்தாள், பாடவில்லை. பட்டைத் தூசி நெஞ்சில் இருந்தது, நான் பள்ளிப்படிப்பை முடித்த வருஷம் அது அவளைக் கொண்டுபோயிற்று.

சென்ற மாதம் ஆம்பூரில் தொழிலாளர் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பழைய போராட்டப் பாட்டு ஒன்றைப் புதிதாகப் பாடப் போகிறோம், உங்கள் ஊர்ப் பாட்டு, நீங்கள் அவசியம் வரவேண்டும் என்றார்கள். மூட்டு வலியோடு போனேன். மேடையில் ஆறு ஒலிபெருக்கி, மூன்று மேளம், ஒரு கீபோர்டு. அம்மாவின் பாட்டு வந்தது. குதிரை ஓடுவதுபோல வந்தது. கைதட்டி ஆடுவதற்குத் தோதாக, மூச்சுவிட இடமில்லாமல். அந்த வேகத்தில் உலக்கை போட்டிருந்தால் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு விரல் மிஞ்சியிருக்காது. என் காது "தோலுக்குத் தண்ணி உண்டு" என்ற அடிக்காகக் காத்திருந்தது. அந்த இடத்தில், "விண்ணுக்கும் விடுதலை, மண்ணுக்கும் விடுதலை" என்று வேறேதோ ஓடிப்போயிற்று.

பாட்டு எழுதித்தந்த இளைஞனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மரியாதையான பிள்ளை, குனிந்து காதோடு சொன்னான்:

"தாத்தா, அந்த அடி கொஞ்சம் சின்ன விஷயமா இருந்துச்சு. வெறும் தண்ணி கேக்குற மாதிரி. மேடைக்கு எடுபடாது. அதான் விடுதலைன்னு போட்டுட்டோம்."

கூட்டம் முடிவதற்கு முன்பே எழுந்து பழைய டேனரிப் பக்கம் நடந்தேன். கல் வாய்க்கால் மண்ணில் மூடிக்கிடக்கிறது. உரல்களைக் காணோம். நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது, மூடியில்லாமல், காவலில்லாமல், யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், இறைக்கலாம், தொடலாம். எட்டிப் பார்த்தேன். டேனரிகளின் கழிவு வருஷக்கணக்காக மண்ணுக்குள் இறங்கி, தண்ணீர் ரத்தம் காய்ந்த நிறத்தில் நுரைத்துக் கிடந்தது. பாலாற்றிலிருந்து இங்கே வரைக்கும் ஒரு கிணறும் தப்பவில்லை என்று அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். அவருடைய ஆடுகள்கூட அதன் பக்கம் போகவில்லை. என் அம்மா பாதியில் நிறுத்திய பாட்டின் மீதி இது. கிணறு எங்களுக்கு வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது மேடையில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தாகமாக இருந்தது, கேட்டேன். அந்த இளைஞனே பிளாஸ்டிக் டம்ளரில் கொண்டுவந்து, அவசரமாக நீட்டினான்.

"லாரித் தண்ணிதான் தாத்தா. பார்த்துக் குடிங்க, கம்மியாத்தான் வந்துச்சு."